இலைக்குள் ஒளித்த செம்மஞ்சள் சட்டை

அன்று பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. அந்த நேரம் எனக்குப் பிறகு சொல்லப்பட்டதுதான். இரண்டு பத்துக்கு நான் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், இரண்டாம் மாடியில், எங்களுடைய சின்னச் சமையலறையில் நின்று கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் ஐந்து மணிக்கு வருவாள், இரண்டு நாட்களாகப் பாணும் சூப்பும்தான் தின்றிருப்பாள், வந்தவுடன் சோறு சாப்பிடட்டும் என்று அப்போதே சமைக்கத் தொடங்கியிருந்தேன். நேரத்தை எனக்குச் சொன்னவர் எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட கொன்சியேர்ஜ். காட்டில் வெடிச்சத்தம் கேட்டவுடன் மணிக்கூட்டைப் பார்ப்பது அவருக்கு இளவயதிலிருந்து வந்த வழக்கம்.

எங்கள் வாசல் அலுமாரியில், குளிர்கோட்டுகளுக்கு நடுவில், ஒரு செம்மஞ்சள் மேற்சட்டை தொங்குகிறது. கையில்லாதது. வேட்டைக்காலத்தில் காட்டுக்குள் போகிற எவரும் இந்த நிறத்தில் ஒன்றைப் போட்டுக்கொள்ளவேண்டும். தூரத்தில் துவக்கோடு நிற்பவன் அசைகிற உருவத்தை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக்கூடாது என்பதற்காகக் கண்ணைக் குத்துகிற நிறம். பெரியவர் ஒருவருடைய சட்டையை கொன்சியேர்ஜின் மனைவி பதினொரு வயதுப் பிள்ளைக்கு அளவாக வெட்டித் தைத்திருந்தார். மகளுக்கு இப்போது பதினேழு வயது. அது அவளுக்குத் தோளிலும் ஏறாது. ஆனாலும் வீடு மாறியபோது எறிய எடுத்துவைத்த உடுப்புகளுக்குள்ளிருந்து நான் அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் மொன்றியலுக்கு வந்தபோது மகளுக்குப் பத்து வயது. மனைவியும் மகனும் திருகோணமலையில் நின்றார்கள். நான் அங்கே கணிதம் படிப்பித்தவன். இங்கே ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் பெட்டி கட்டினேன். எங்களுடைய அகதி விசாரணைக்கு இன்னும் நாள் குறித்து வரவில்லை. அந்தக் காத்திருப்பில் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லித்தந்த ஒழுங்குகள்தான் எங்களுக்குச் சட்டம். தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணை ஒருவர், யாழ்ப்பாணத்தவர், முதல் வாரமே என்னைக் கடையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார்.

"மாஸ்டர், ஊரில நடந்ததெல்லாம் லோயரிட்டச் சொல்லுங்கோ, விசாரணையில சொல்லுங்கோ. வெளியில ஒருத்தரிட்டயும் துவக்கெண்ட சொல்லே வாயில வரப்படாது. கண்டனீங்களோ எண்டு கேட்டாலும் இல்லை எண்டுங்கோ. கண்டனான் எண்டா, பிடிச்சனீயோ எண்டு அடுத்ததாக் கேப்பாங்கள்."

நான் அதைக் கேட்டு நடந்தேன். மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் துணி தோய்க்கும் இயந்திரங்கள் இரண்டு இருந்தன. வெந்நீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் கொன்சியேர்ஜ் ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் போட்டிருந்தார். சனிக்கிழமை காலைகளில் அவருடைய மனைவியின் தம்பி, நாற்பது வயதிருக்கும், கோப்பி குடிக்க வருவார். நான் துணி கொண்டு இறங்கினால் மூன்றாவது கதிரை எனக்கு. அந்த நகரத்தில் எனக்கென்று யாரும் இழுத்துப்போட்ட முதற்கதிரை அதுதான். அவர்கள் பிரெஞ்சில் கதைத்து, எனக்காக முறிந்த ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வார்கள். என் நினைவில் எல்லாம் இப்போது தமிழில்தான் இருக்கிறது.

அந்த இலையுதிர் காலம் முழுவதும் அவர்களுக்கிடையில் ஒரே வழக்குத்தான். மைத்துனர் புதிதாக ஓர் அரைத்தானியங்கித் துவக்கு வாங்கியிருந்தார். கொன்சியேர்ஜின் பழைய துவக்கில் ஒருமுறை சுட்டபின் கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த ரவையை ஏற்றவேண்டும். புதியதில் அந்த வேலையைத் துவக்கே செய்துகொள்ளும். விசையை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக வெடிக்கும். வேட்டைக்கு அப்படியொரு துவக்கு வேண்டுமா என்பதுதான் வழக்கு.

"சின்னவன், உனக்கு மானைச் சுட வேணுமோ, மரத்தைச் சல்லடையாக்க வேணுமோ?" என்பார் கொன்சியேர்ஜ்.

"உன்ர துவக்கு உன்னைப் போலதான் கிழவா. ஒருக்கா இருமினா, அடுத்த இருமலுக்குப் பத்து நிமிசம் பாத்துக்கொண்டிருக்க வேணும்."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் மைத்துனர் வெறும் பகிடிக்காரர் அல்ல. சில வருடங்களுக்கு முன் கொன்சியேர்ஜ் ஒரு மானின் வயிற்றில் சுட்டிருந்தார். அவர் கைப்பிடியை இழுத்து இரண்டாவது ரவையை ஏற்றுவதற்குள் அது புதருக்குள் போய்விட்டது. இருவரும் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நடந்து மறுநாள் காலைதான் அதைக் கண்டுபிடித்தார்கள். அப்போதும் அதற்கு உயிர் இருந்தது.

"அந்த மானைக் கேள், எந்தத் துவக்கு நல்லதெண்டு," என்றார் மைத்துனர் ஒரு சனிக்கிழமை.

கொன்சியேர்ஜ் கோப்பிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "அந்த மானை நினைச்சுத்தான் சொல்லுறன். அது தப்பினது துவக்கு மெதுவானதாலே இல்லை. நான் அவசரப்பட்டது. கைப்பிடியை இழுக்கிற அந்த நேரத்தில நான் திரும்ப ஒருக்காப் பாக்கிறன். அங்க நிக்கிறது மான்தானோ எண்டு. அந்த நேரத்தை விக்க எனக்கு விருப்பமில்லை." பிறகு, படிப்பித்தவன் என்பதால் எனக்கு வைத்த பட்டத்தோடு, என் பக்கம் திரும்பினார். "புரொபசர், நீங்க சொல்லுங்கோ. உங்கட நாட்டில சண்டையெண்டு ரீவியில காட்டினவங்கள். இப்பிடியான துவக்குகளைக் கண்டிருப்பியள்."

எனக்கு அந்தத் துவக்குகளைத் தெரியும். கண்ணால் கண்டதைவிடக் காதால் அதிகம் தெரியும். ஊரில் எங்கள் தெருவில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒற்றைச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திக் காதைக் கொடுப்பார்கள். அடுத்தடுத்துக் கேட்டால் நின்ற இடத்திலிருந்து மறைவார்கள். நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல இரவுகள் யோசித்திருக்கிறேன். ஆனால் அன்று கடைக்கார அண்ணையின் குரல்தான் முன்னால் வந்தது.

"எனக்குத் துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது," என்றேன். துணி காயும் முன்பே எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

நவம்பரில், கொன்சியேர்ஜின் மனைவியைத் தவிர, அவர்களுடைய குடும்பம் வடக்கே காட்டிலிருந்த மரவீட்டுக்குப் புறப்பட ஆயத்தமானது. கொன்சியேர்ஜின் பேத்தியும் என் மகளும் ஒரே வகுப்பு. அந்தப் பிள்ளை மகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டது. நான் முடியாது என்றேன். மூன்றாம் நாள் மகள் பள்ளிக்கூடப் பையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"திங்கட்கிழமையில வகுப்பில எல்லாரும் எங்க போனனாங்கள் எண்டு சொல்லுவினம் அப்பா. ரீச்சர் என்னட்டக் கேக்கிறதை இப்ப விட்டிட்டா."

கொன்சியேர்ஜிடம் இறங்கிப் போனேன். துவக்குகள் பிள்ளைகளுக்குக் கிட்ட இருக்காதே என்று கேட்டேன். "என்ரது வீட்டுக்குள்ள பூட்டி இருக்கும். இந்த முறை நான் வேட்டைக்குப் போகேல்லை, பிள்ளையளோட நிப்பன். சின்னவன் மட்டும் தூரத்தில போவான்," என்றார். அவர் சொன்னபடியே நடந்துகொண்டார். துவக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேட்ட எனக்கு, அதன் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்கத் தோன்றவில்லை. சனிக்கிழமை காலை, சட்டையின் பொத்தான்களைப் பூட்டிவிட்டு மகளுக்கு நான் சொன்ன கடைசிச் சொல், "ஊரில நடந்ததுகளைப் பற்றி அங்க ஒண்டும் கதைக்கக் கூடாது" என்பது.

"தெரியும் அப்பா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கையைக்கூடத் துடைக்காமல் ஓடித் திறந்தேன். கொன்சியேர்ஜின் மனைவி நின்றார். அவருக்கு ஆங்கிலம் வராது. என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் வீட்டுத் தொலைபேசியின் ரிசீவர் சமையலறை மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நெடுஞ்சாலையோரத்து டெப்பனர் கடை ஒன்றின் நாணயத் தொலைபேசியிலிருந்து கொன்சியேர்ஜ் பேசினார். மூச்சு வாங்கியது.

பேத்தியும் மகளும் அவரோடு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார்களாம். தூரத்தில் மைத்துனர் ஒரு மானைச் சுட்டார். நான்கு வெடிகள், ஒன்றன்பின் ஒன்றாக. கொன்சியேர்ஜ் மணிக்கூட்டைப் பார்த்தார், இரண்டு பத்து. நிமிர்ந்தபோது என் மகளைக் காணவில்லை. ஒன்றரை மணி நேரமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுகிறார்கள். மைத்துனரும் பக்கத்துக் காட்டு வீடுகளின் ஆண்கள் நாலைந்து பேரும் சேர்ந்து தேடுகிறார்கள். எல்லாரும் உரத்துக் கூப்பிடுகிறார்கள். ஒரு பதிலும் இல்லை.

"புரொபசர்," என்றார். "சட்டை கிடைச்சிருக்கு. விழுந்த மரமொண்டுக்குக் கீழ, இலைக்குள்ள. சட்டை மட்டும்தான். இன்னும் முக்கால் மணித்தியாலத்தில இருட்டிப் போடும். இந்தக் காட்டில எங்களுக்குத் தெரியாத வேட்டைக்காரரும் நிக்கினம். சட்டை இல்லாமல் அவள் அசைஞ்சாள் எண்டால்..."

சட்டை மட்டும் கிடைத்தது என்றதும் அவருக்குத் தோன்றியதெல்லாம் கரடியும் ஓநாயும் கெட்ட மனிதர்களும். எனக்கு மட்டும் அது விளங்கியது. அந்தச் சட்டையைக் கழற்றி இலைக்குள் ஒளித்தது என் மகள். அவள் கற்றுக்கொண்ட பாடத்தில் பளிச்சென்று தெரிவதுதான் ஆபத்து. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி, பக்கத்தில் நின்று ஓமென்றவன் நான். அடுத்தடுத்து வெடி கேட்டால் நிறமான உடுப்பைக் கழற்று. தூரம் ஓடாதே, கிட்ட எங்கேயாவது படு. ஆம்பிளைக் குரல் கூப்பிட்டால் வராதே, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வராதே, பெயரை யாரும் விசாரித்து அறியலாம். எல்லாம் ஓய்ந்தபின் மனைவி கொல்லைப்பக்கம் போய்ச் மெல்லிய குரலில் ஒன்று சொல்லுவாள்: "சோறு ஆறுது." அதைக் கேட்டால்தான் பிள்ளைகள் எழும்புவார்கள்.

காட்டில் ஆறேழு ஆண்கள் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அவள் இன்னும் கொஞ்சம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருப்பாள்.

நான் சொன்னேன். அந்தச் சமையலறையில், ஒரு சொல்லும் விளங்காத அவருடைய மனைவிக்கு முன்னால், ஒரு வருடமாக மறைத்ததையெல்லாம் ஆங்கிலத்தில் கொட்டினேன். அவள் துவக்குச் சத்தத்தில் வளர்ந்தவள். நாங்கள்தான் ஒளிக்கப் பழக்கினோம், ஒரு சொல்லைக் கேட்டால்தான் எழும்புவாள். உங்களிடம் பொய் சொன்னேன். நாணயம் முடிந்து இணைப்பு அறுந்துவிடுமோ என்று பயந்தேன்.

"அந்தச் சொல்லைச் சொல்லித்தாங்கோ," என்றார்.

சிகரெட் பெட்டி ஒன்றில் அவர் அதைத் தன் எழுத்தில் எழுதிக்கொண்டார். நான் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்த காலத்தில் இல்லாத பொறுமையோடு நான்கு தடவை சொல்லிக்கொடுத்தேன். மற்ற ஆண்களை வீட்டுக்குள் போகச் சொல்லுங்கோ. துவக்குகள் வெளியில் தெரியக் கூடாது. நீங்கள் நிற்காதையுங்கோ, சட்டை கிடந்த இடத்தில் நிலத்தில் இருங்கோ. கத்தாதையுங்கோ. பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கோ.

"நிலத்தில இருந்து, மெதுவா," என்று ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு தொலைபேசி அடிக்கவில்லை. திரும்ப டெப்பனருக்குப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது என்று இப்போது எழுதலாம். அன்று அது அடிக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நாலரைக்கு ஜன்னல் கறுத்தது. கொன்சியேர்ஜின் மனைவி என் முன்னால் தேத்தண்ணீர் வைத்தார், ஆறியதும் எடுத்துவிட்டு வேறு வைத்தார். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழி இல்லை. அவர் தன் மொழியில் செபம் சொல்லத் தொடங்கியதும் எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. மேலே வந்தேன். சோற்றுப் பானையைத் துவாயால் சுற்றி வைத்திருந்தேன். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இளஞ்சூடு இருந்தது. அந்தச் சூடு போவதற்குள் வந்துவிடவேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டேன், கணிதம் படிப்பித்தவன் போடக்கூடாத கணக்கு. ஐந்து மணியானது. ஆறானது. மனைவிக்கு என்ன எழுதுவது என்று மனம் தானாக முதல் வரியைத் தேடியது. அந்த வரியைத் தேடியதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

மனைவிக்கு அதை நான் எழுதவில்லை. இரண்டு வருடங்களுக்குப் பிறகு அவளும் மகனும் வந்து சேர்ந்தபோதும் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நாங்கள் பேசிவைத்துக்கொண்டதும் இல்லை. அந்த ஞாயிறு முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு மைத்துனர் கடதாசியில் சுற்றிய மான் இறைச்சியோடு படியேறி வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "முதல் வெடி பிழைச்சுப் போச்சு. மற்ற மூண்டும் கெதியா விழுந்ததாலதான் அது நோகாமல் செத்தது," என்றார். அது உண்மை. தன் பக்க நியாயத்தையே மன்னிப்பாக என் கையில் வைத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டேன், சமைக்கவும் செய்தேன். அடுத்த இலையுதிர் காலத்திலும் நிலக்கீழ் அறையில் அதே வழக்கு நடந்தது. ஆனால் என் காலடி படியில் கேட்டதும் நிறுத்திவிடுவார்கள். காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள். மூன்றாவது கதிரை அங்கேதான் இருந்தது, என்னை இருக்கச் சொல்லவும் தவறவில்லை. ஆனாலும் அவர்களுடைய பகிடிகளுக்குள் எனக்கு முன்பிருந்த இடம் போய்விட்டது. நான் பொய் சொன்னபோது இருந்த இடம், உண்மை சொன்னபின் இல்லை. துணி தோய்க்க வேறு நாள் பார்த்துப் போகத் தொடங்கினேன்.

கொன்சியேர்ஜ் போன பனிக்காலம் காலமானார். நாங்கள் அப்போது பக்கத்து வட்டாரமான வில்லரேக்கு வந்துவிட்டோம். செய்தி பிந்தித்தான் கிடைத்தது. இப்போது வானொலியில் அந்த வழக்கை ஊரே நடத்துகிறது. அரைத்தானியங்கித் துவக்குகளை வேட்டைக்காரருக்கு விடலாமா என்று கேட்கிறார்கள். ஒருவர் தொலைபேசியில் வந்து, காயப்பட்ட விலங்கை உடனே முடிக்க அது வேண்டும் என்கிறார். இன்னொருவர், ஒரு ரவையில் முடிக்கத் தெரியாதவன் காட்டுக்குள் ஏன் போகிறான் என்கிறார். இருவரும் எனக்குத் தெரிந்தவர்கள்போல இருக்கிறது. அந்த வழக்கில் நான் கிழவரின் பக்கம். அதைச் சொல்லவேண்டிய சனிக்கிழமை சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மகள் வந்து, பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்து, வானொலியைப் பாட்டுக்குத் திருப்பிவிட்டுப் போவாள். எதற்குக் கூப்பிட்டாலும் நாலுதரம் கூப்பிடவேண்டிய வயது அவளுக்கு. மனைவி மட்டும் சமையலறையிலிருந்து, பழைய பழக்கத்தில், "சோறு ஆறுது" என்று சாதாரணமாகச் சொன்னால், படிப்பையோ தொலைபேசியையோ அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பாள். பிள்ளைக்கு நல்ல பசி என்று மனைவி நினைக்கிறாள். நான் எழுந்து போய் அலுமாரிக் கதவைத் திறந்து, ஏதோ தேடுவதுபோல, அந்தச் சட்டையைத் தொட்டுவிட்டு வருவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணி கடந்து சில நிமிடங்களில் வெளியே இரும்புப் படிகளில் காலடி கேட்டது. கனமான காலடி ஒன்றுதான். இரண்டாவது காலடிக்காகக் காதைக் கொடுத்தேன், அது கேட்கவில்லை. கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அது தானாகத் திறந்தது. கொன்சியேர்ஜ் நின்றார். முழங்கால் இரண்டிலும் ஈரமண். அவருடைய செம்மஞ்சள் சட்டை அவர்மேல் இல்லை, அது அவர் தோளில் கிடந்த என் மகளைச் சுற்றியிருந்தது. அவளுடைய தலைமயிரில் காய்ந்த இலைகள். அவளை இறக்கி, இரண்டு காலிலும் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு, அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"புரொபசர்," என்றார், "நீங்க எனக்குச் சொல்லியிருக்கலாம்."

மகள் அந்தப் பெரிய செம்மஞ்சள் சட்டை தரையில் இழுபட என்னைத் தாண்டி நடந்து, சமையலறைக்குப் போய், துவாய் சுற்றிய பானையின் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"உண்மையாவே ஆறிப்போச்சு அப்பா," என்றாள்.